ஜீன் நெட்வொர்க் மாடலை அனலைஸ் பண்ணணுமா? பூலியன்ல ஆரம்பிங்க

ஜீன் நெட்வொர்க்னதும் (ஜீன்கள் ஒண்ணையொண்ணு தூண்டுற, அடக்குற பின்னல்) நேரா டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ல குதிக்காதீங்க, முதல்ல பூலியன் மாடல் போடுங்க, உயிரியல் ஆய்வாளர் ஸ்டூவர்ட் காஃப்மன் 1969லயே காட்டின வழி இது, ஜீன் ஆன்னா 1 ஆஃப்னா 0 அவ்ளோதான், ரேட் கான்ஸ்டன்ட் (வினை எவ்ளோ வேகம்ங்கிற எண்) எதுவும் தேவையில்ல.

சின்னதா ஒண்ணு கையாலயே போட்டுப் பாப்போம். ஏ, பின்னு ரெண்டு ஜீன், ஒண்ணை ஒண்ணு அடக்குது (2000ல ஈ.கோலை பாக்டீரியாவுக்குள்ள நிஜமாவே இப்படி ஒரு ஸ்விட்ச் கட்டிட்டாங்க). அதாவது ஒண்ணு ஆன்னா மத்தது ஆஃப் ஆகும், ஆஃப்னா ஆன் ஆகும். மொத்தம் 4 நிலை, முதல் இலக்கம் ஏ, ரெண்டாவது பி. 10ல விட்டா 10லயே நிக்கும், 01ம் அப்படித்தான். ஆனா 00ல விட்டு ரெண்டு ஜீனையும் ஒரே நேரத்துல அப்டேட் பண்ணா 11க்குப் போகும், அங்கருந்து திரும்ப 00, இப்படியே சுத்திட்டே இருக்கும். இப்போ ஒரு தடவைக்கு ஒரு ஜீன்னு அப்டேட் பண்ணிப் பாருங்க, அந்த சுத்தல் காணாமப் போயிடும்! அதனால எந்த சைக்கிள் கிடைச்சாலும் ரெண்டு விதமாவும் ஓட்டிப் பாக்காம அதுக்கு உயிரியல் அர்த்தம் சொல்லிடாதீங்க.

20 ஜீன்னா 10,48,576 நிலை, ஆர் புரோகிராமிங் மொழில இருக்கிற பூல்நெட் பேக்கேஜே பாத்துக்கும். 100 ஜீன்னா எல்லாத்தையும் எண்ண முடியாது, நிலையான புள்ளிகளை (மேல 10, 01 மாதிரி மாறாம நிக்கிற நிலைகளை) மட்டும் சாட் சால்வர் (லாஜிக் நிபந்தனைக்குப் பொருந்துற விடையைத் தேடுற சாஃப்ட்வேர்) வெச்சு தேடுங்க.

அப்புறம் ஒவ்வொரு ஜீனா 0ல பூட்டி வெச்சு கடைசில போய் நிக்கிற நிலை மாறுதான்னு பாருங்க, லேப்ல கிடைச்ச நாக்அவுட் (ஜீனை முடக்கிப் பாக்கிற சோதனை) ரிசல்ட்டோட ஒப்பிடுங்க. அது பொருந்தினா தான் ஹில் ஃபங்ஷன் (ஒரு ஜீன் இன்னொண்ணை எவ்ளோ அடக்குதுன்னு சொல்ற வளைகோடு) போட்டு டிஃபரென்ஷியல் ஈக்வேஷனுக்கு போகணும், அங்க இதே ஏ-பி ஸ்விட்சுக்கு ரெண்டு பக்கமும் ஹில் எண் (அந்த வளைகோடு எவ்ளோ செங்குத்துங்கிற எண்) 1ன்னு வெச்சா ரெண்டு நிலையான நிலை வரவே வராது, 2 வெச்சு உற்பத்தி வேகமும் போதுமான அளவு இருந்தா வரும்.