மின்னஞ்சல் திறந்துகொடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியில் ஏ-9 வீதியோரமாகத் தட்டச்சு, நிழற்பிரதி, இணையவழி விண்ணப்பம் ஆகிய வேலைகளைச் செய்யும் சிறிய கடையொன்றை நடத்திவருகிறேன். அண்மையில் வேலை பழக வந்த தம்பிமார் இருவர், நான் தொடக்கத்தில் செய்த பிழைகளை அப்படியே செய்வதைக் கண்டபோது இதை எழுதிவைக்க வேண்டுமென்று தோன்றியது. கடவுச்சொல்லைப் பிறருக்குச் சொல்லக்கூடாது, பரிசு விழுந்ததாக வரும் அஞ்சலை நம்பக்கூடாது என்பவற்றை எல்லோரும் அறிவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடையின் தொலைபேசி இலக்கத்தில் கணக்குத் திறத்தல்

விண்ணப்பம் நிரப்ப வருபவரிடம் மின்னஞ்சல் இருக்காது. கையில் தொலைபேசியும் இருக்காது. பின்னால் நான்கு பேர் வரிசையில் நிற்பார்கள். உடனே கடையின் இலக்கத்தைக் கொடுத்து ஜீமெயில் கணக்கொன்றைத் திறந்து, கடவுச்சொல்லை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிடுவோம். வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கணக்கை மீட்கும் திறப்பு நம்மிடமே தங்கிவிடுகிறது என்பதை அவரும் உணரமாட்டார், நாமும் உணரமாட்டோம்.

மல்லாவியிலிருந்து வந்த தங்கை ஒருவருக்கு நான் அப்படித்தான் திறந்துகொடுத்தேன். இரண்டு ஆண்டுகள் அவருடைய கைத்தொலைபேசியில் அது ஒழுங்காக வேலை செய்தது. பின்னர் அந்தத் தொலைபேசி கிணற்றில் விழுந்துவிட, புதியதில் கணக்கைத் திறக்க முயன்றபோது கடவுச்சொல் எழுதிய கடதாசி வீட்டில் இல்லை. உறுதிப்படுத்தும் குறியீடு கடையின் பழைய இலக்கத்துக்குப் போனது; அந்த இலக்கத்தை நான் கைவிட்டு நெடுநாளாகியிருந்தது. பாவிக்காமல் விட்ட இலக்கத்தைத் தொலைபேசி நிறுவனங்கள் துண்டித்து, பின்னர் வேறொருவருக்கு விற்றுவிடும். "அண்ணா, நீங்கள்தானே இதைத் திறந்து தந்தனீங்கள்" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

கணக்கை மீட்க முயலும்போது, முன்பு பயன்படுத்திய கருவியிலிருந்தும் வழக்கமான இடத்திலிருந்தும் முயலுமாறு கூகிள் அறிவுறுத்துகிறது. அந்தக் கணக்கைத் திறந்த என் கடைக் கணினி அப்போதும் இருந்ததால், அதிலேயே பலமுறை முயன்று ஒருவாறு உள்ளே நுழைந்தோம். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு அங்கே திறக்கப்படாமல் கிடந்தது. தேர்வு முடிந்து ஒன்பது நாட்கள் கடந்திருந்தன. அந்தத் திகதியைத் திரையில் பார்த்தபடி அவர் நின்ற நிலையை நினைக்கும்போது இன்றும் என்மீது எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே, தம்பிமாருக்கு நான் கண்டிப்பாகச் சொல்வது இதுதான். வருபவரிடம் தொலைபேசி இல்லையென்றால் கணக்குத் திறக்காதீர்கள்; மறுநாள் கொண்டுவரச் சொல்லுங்கள். கடவுச்சொல்லை அவரே தெரிவுசெய்து, அவரே தட்டச்சுச் செய்யட்டும். மீட்பு இலக்கமாக, அடிக்கடி சிம் மாற்றாத ஒருவரின், பெரும்பாலும் அம்மாவின், இலக்கத்தைக் கொடுக்கலாம். கடவுச்சொல்லோடு இன்னொரு உறுதிப்படுத்தலையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பை இயக்கினால், தொலைபேசி கையில் இல்லாதபோது பாவிக்க, ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் பத்து மாற்றுக் குறியீடுகளைப் பெறலாம். அவற்றை அச்சிட்டு, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் கோவைக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியபோதும் அந்தக் கோவையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு வந்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடுகளில் அதைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை.

ஒரு விண்ணப்பத்தோடு கணக்கை மறந்துவிடுதல்

இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகிள் 2023 டிசெம்பரில் தொடங்கியது. மாதம் ஒருமுறையேனும் திறந்து பாருங்கள்.

பாமினியில் தட்டச்சுச் செய்து அனுப்புதல்

எங்கள் பகுதியில் கடிதங்கள் இன்னமும் பாமினி எழுத்துருவில் தயாராகின்றன. அச்சிடும்வரை சிக்கலில்லை. அதே வாசகத்தை அஞ்சலில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் அது தமிழாகத் தெரியாது. ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்க, மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும். பெறுபவர் அதைக் குப்பை அஞ்சல் என நினைத்து நீக்கிவிடுவார். எல்லாக் கருவிகளிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றித்தரும் இலவசத் தளங்கள் பல இருக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துச் சரிபாருங்கள், ஏனெனில் கொம்புகளும் கிரந்த எழுத்துகளும் சிலவேளை இடம்மாறும். நேரமில்லையென்றால் பிடிஎஃப் ஆக்கி இணைத்துவிடுங்கள்.

அடையாள அட்டையை முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றுதல்

படத்தைப் பிடிஎஃப் ஆக்குவதற்காகத் தேடலில் முதலில் வரும் தளத்தில் தேசிய அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் ஏற்றுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. ஆண்ட்ராய்டு தொலைபேசியிலுள்ள கூகிள் டிரைவ் செயலியிலேயே ஆவணத்தை வருடி (ஸ்கேன் செய்து) பிடிஎஃப் ஆக்கலாம்.

பொதுக் கணினியில் வெளியேறாமல் எழுந்து செல்லுதல்

கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு எழுந்திருங்கள்.

பெட்டி நிரம்புவதைக் கவனியாமை

ஜீமெயில், டிரைவ், கூகிள் புகைப்படங்கள் ஆகிய மூன்றுக்கும் சேர்த்தே 15 ஜிபி இலவச இடம் தரப்படுகிறது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் காப்புப் பிரதியும் இப்போது அதே கணக்கில் சேர்கிறது. கோயில் திருவிழாக் காணொளிகள் பெட்டியை நிரப்பிவிட்டால், அதன்பின் வரவேண்டிய கடிதம் உள்ளே வராமல் அனுப்பியவரிடமே திரும்பிப் போய்விடும். வாட்ஸ்அப் அமைப்புகளில் காப்புப் பிரதிப் பகுதிக்குச் சென்று, காணொளிகளைச் சேர்க்கும் தெரிவை நிறுத்திவிடுங்கள். பின்னர் ஜீமெயிலில் பெரிய இணைப்புகளைத் தேடி நீக்கி, குப்பைத்தொட்டியையும் காலிசெய்யுங்கள். நீக்கியவை 30 நாட்கள்வரை அங்கேயே கிடந்து இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.