தொட்டியில் கொட்டிய சுண்ணாம்பைத் திரும்ப அள்ள முடியாது: தாதுப் பொருள்களிலும் மண் கலவையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடியில் வைத்திருந்த தக்காளியில் காய்கள் எலுமிச்சை அளவுக்கு வந்ததும் அடிப்பக்கம் கறுத்து, தோல் போல உள்வாங்கிப் போயின. கால்சியம் குறைந்தால் இப்படி ஆகும் என்று படித்திருந்தேன். இரண்டு கைப்பிடி சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கிளறிவிட்டேன். அடுத்து வந்த காய்களும் கறுத்தன. அத்தோடு கொழுந்து இலைகள் மஞ்சளாக வெளுத்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடுகளாக நின்றன. ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்றை வரவழைத்திருந்தேன்.

என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. கால்சியம் தண்ணீரோடு சேர்ந்துதான் வேரிலிருந்து மேலே ஏறும். ஒரு நாள் வெள்ளமாக ஊற்றி, இரண்டு நாள் காயவிட்டால், மண்ணில் எவ்வளவு கால்சியம் இருந்தாலும் காயின் நுனிவரை அது போய்ச் சேராது. என் தொட்டியில் தவறியது தண்ணீர் ஊற்றும் ஒழுங்கு. நான் போட்ட சுண்ணாம்போ கலவையின் பிஎச் அளவை, அதாவது அமிலமா காரமா என்று காட்டும் அளவை, மேலே தூக்கிவிட்டது. பிஎச் 7-ஐத் தாண்டினால் இரும்புச்சத்து கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கொழுந்து வெளுத்ததற்கு அதுதான் காரணம்.

நிலத்தில் இதே அளவு சுண்ணாம்பு விழுந்திருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது. வேர் விலகிப் போகும், மழை கழுவிக்கொண்டு போகும், ஆழமான மண் தாங்கிக்கொள்ளும். பதினைந்து லிட்டர் தொட்டியில் வேருக்கு ஒதுங்க இடமில்லை. ‘இயற்கையானதுதானே, கெடுதல் செய்யாது’ என்று நாம் தைரியமாகக் கொட்டுவது எல்லாமே அந்தச் சின்ன இடத்துக்குள் தங்கிவிடுகிறது. அதனால் எந்தத் தூளையும் பையாக வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: இந்தத் தொட்டியில் இப்போது குறைவது காற்றா, தண்ணீரா, சத்தா?

பெர்லைட்டும் வெர்மிகுலைட்டும் ஒன்றல்ல

ஒன்று கிடைக்கவில்லை என்றால் மற்றொன்றைப் போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பெர்லைட் எரிமலைக் கண்ணாடி. அதற்குள் சிறிதளவு நீர் சிக்கியிருக்கும். ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அந்த நீர் ஆவியாகும்போது பாறைத் துணுக்கு பொரி போலப் பொரிந்து, வெள்ளையாக, எடையில்லாமல் ஆகிறது. தண்ணீரை அது தன் மேற்பரப்பில் கொஞ்சம்தான் பிடித்துவைக்கும். கலவைக்குள் காற்றுக்கு வழிவிடுவதே அதன் வேலை. வெர்மிகுலைட் அபிரகம் (மைக்கா) போன்ற தாது. சூட்டில் அது ஏடு ஏடாக விரியும். அந்த ஏடுகளுக்கு நடுவே தண்ணீரும், பொட்டாசியம், மக்னீசியம் போன்ற சத்துகளும் தங்கும்.

ஆகவே வேர் அழுகிக்கொண்டிருக்கும் தொட்டியில் வெர்மிகுலைட் சேர்த்தால் ஈரம் இன்னும் கூடும். விதைத் தட்டில் வெறும் பெர்லைட்டை நிரப்பினால் முளைத்த நாற்று வெயிலில் காய்ந்துவிடும். நாற்றுக்கு வெர்மிகுலைட், கற்றாழை, கள்ளி வகைகளுக்குப் பெர்லைட் என்று பொதுவாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சிட்டிகை ஈர வெர்மிகுலைட்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். ஏடுகள் நசுங்கி மாவாகிவிடும், மறுபடி விரியாது. கலவையைத் தொட்டியில் போட்டுக் கையால் இறுக்கி அமுக்கும் பழக்கம் இருந்தால், வாங்கிய வெர்மிகுலைட் அந்த நிமிடமே வீண். தொட்டியை இரண்டு முறை தரையில் லேசாகத் தட்டினால் போதும், கலவை தானாகப் படியும்.

இரண்டின் தூசியும் மூச்சுக்குள் போகக் கூடாது. பையை வெட்டியதும் உள்ளேயே தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ளுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

அளக்கும்போது எடை பார்க்காதீர்கள். ஒரு லிட்டர் பெர்லைட் 100 கிராம் அளவில்தான் இருக்கும். ஒரு லிட்டர் மணல் ஒன்றரைக் கிலோ. ‘கிலோவுக்குக் கிலோ’ என்று கலந்தால் விகிதம் எங்கேயோ போய்விடும். ஒரே டப்பாவை வைத்து எல்லாவற்றையும் கொள்ளளவில் அளப்பதுதான் சரி.

அடியில் ஜல்லி போடுவது

நல்லெண்ணத்தோடு தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தவறு இது. தொட்டியின் அடியில் இரண்டு அங்குலம் ஜல்லியோ ஓட்டுத் துண்டுகளோ போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நம்புகிறோம். நடப்பது வேறு. மண்ணின் நுண்ணிய இடுக்குகளில் பிடித்திருக்கும் நீர், கீழே இருக்கும் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. ஜல்லிக்கு மேலே உள்ள மண் முழுக்க நிறைந்து, இனிமேல் தாங்காது என்ற நிலை வந்தபிறகுதான் சொட்டும். அந்த நிறைந்த அடுக்கு எப்போதும் தொட்டியின் அடியில் இருக்கும் ஒன்று. ஜல்லி போடுவதால் அது அப்படியே வேருக்குப் பக்கத்தில், மேலே ஏறுகிறது. வேர் வளரக் கிடைக்கும் இடமும் குறைகிறது.

சமையலறை ஸ்பாஞ்ச் ஒன்றை நனைத்துப் படுக்கை வாட்டில் கையில் ஏந்திப் பாருங்கள். சொட்டுவது நின்றதும் அதை நிமிர்த்துங்கள்; மறுபடி தண்ணீர் சொட்டும். அதே ஸ்பாஞ்ச், அதே தண்ணீர். உயரம் கூடியதும் நீர் இறங்குகிறது. தொட்டிக்கும் இதே கணக்குத்தான். வடிகால் வேண்டுமென்றால் உயரமான தொட்டி எடுங்கள், பெர்லைட்டோ பருமணலோ அடி முதல் மேல் வரை ஒரே சீராகக் கலந்திருக்கட்டும். துளை வழியே மண் போகாமல் இருக்க ஒரு துண்டு வலை போதும்.

மணல் என்றதும் இன்னொன்று. களிமண்ணைப் பொலபொலப்பாக்க அதில் கொஞ்சம் மணலைக் கலப்பார்கள். பொடி மணல் களிமண்ணின் இடுக்குகளில் போய் அடைந்து, காய்ந்ததும் செங்கல் போல இறுகும். மணலின் தன்மை கலவையில் தெரிய வேண்டுமென்றால் பாதிக்கும் மேல் அது இருக்க வேண்டும். களிமண்ணுக்கு நன்றாக மக்கிய உரமே நல்ல வழி.

கோகோபீட்டை அலசாமல் போடுவது

கட்டியை ஊறவைத்தோம், உப்பிவிட்டது, செடி நட்டோம் என்று முடித்துவிடுகிறோம். தென்னை நார்த்தூளில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு உப்புகள் நிறைய இருக்கக்கூடும். நாற்றின் இலை விளிம்பு கருகுவதற்கு வெயிலைக் குறை சொல்வோம், உப்பு அடியில் உட்கார்ந்திருக்கும். ஊறிய தூளைத் துணியில் போட்டுப் பிழிந்து, புது நீர் விட்டு, மறுபடி பிழிய வேண்டும். பிழியும் நீரின் அடர்ந்த பழுப்பு நிறம் வெளிறும்வரை இப்படி அலசுங்கள்.

அலசியபிறகும் ஒரு சிக்கல் மிஞ்சும். நார்த்தூளின் துகள்களில் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டியிருக்கும். வெறும் நீருக்கு அவை முழுதாக விட்டுக்கொடுக்காது. நாம் பிறகு கொடுக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அந்தத் துகள்கள் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியே விடும். கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஓர் இரவு ஊறவைத்து மறுபடி அலசினால் இந்தப் பரிமாற்றம் செடி நடுவதற்கு முன்பே முடிந்துவிடும். ‘பஃபர் செய்தது’ என்று பையில் எழுதியிருந்தால் அது இந்த வேலைதான்.

வெள்ளைத் தூள்கள்

சுண்ணாம்பு, டோலமைட், ஜிப்சம் மூன்றும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். சுண்ணாம்பு கால்சியம் கார்பனேட். டோலமைட் கால்சியம், மக்னீசியம் இரண்டும் சேர்ந்த கார்பனேட். இரண்டும் அமிலத்தன்மையைக் குறைக்கும். ஜிப்சம் கால்சியம் சல்பேட். அதில் 23 சதவீதம் அளவுக்குக் கால்சியம் உண்டு, கூடவே கந்தகமும் உண்டு, பிஎச் அளவை அது அநேகமாக மாற்றாது. கால்சியம் மட்டும் வேண்டும் என்றால் ஜிப்சம், அமில மண்ணைத் திருத்த வேண்டும் என்றால் சுண்ணாம்பு. பெயர் எழுதாத டப்பா வீட்டில் கிடந்தால் ஒரு சிட்டிகை தூளில் இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். சுண்ணாம்பு நுரைத்துச் சீறும், ஜிப்சம் சும்மா இருக்கும். டோலமைட் மெதுவாகத்தான் நுரைக்கும் என்பதால் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள்.

வாளியிலும் குழாய் முனையிலும் வெள்ளைப் படிவு பிடிக்கும் கடின நீரைத்தான் ஊற்றுகிறீர்கள் என்றால், அந்த நீரே ஒவ்வொரு நாளும் கலவையைக் காரத்தன்மைக்கு இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் தொட்டிக்குச் சுண்ணாம்பும் வேண்டாம், அடுப்புச் சாம்பலும் வேண்டாம். சாம்பலில் பொட்டாசியம் இருப்பது உண்மைதான். ஆனால் அதுவும் காரம். யூரியா, அம்மோனியம் கலந்த உரம், பச்சைச் சாணம் இவற்றோடு சாம்பலையோ சுண்ணாம்பையோ ஒரே நாளில் சேர்த்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி, உங்கள் உரம் கிளம்பிப் போவதன் அடையாளம்.

எப்சம் உப்பு மக்னீசியம் சல்பேட். மக்னீசியம் குறைந்தால் முதிர்ந்த இலைகள் நரம்புகளுக்கு நடுவே மஞ்சளாகும். இரும்பு குறைந்தால் கொழுந்து. எந்த இலை என்று பார்க்காமல், மஞ்சள் தெரிந்ததும் வாராவாரம் எப்சம் கரைத்து ஊற்றுகிறோம். மக்னீசியம் மிகுந்தால் வேர் கால்சியத்தையும் பொட்டாசியத்தையும் எடுப்பது குறையும். தக்காளிக் காயின் அடி கறுப்பதற்கு எப்சம் கொடுப்பது நிலைமையை மோசமாக்கவே செய்யும்.

மெதுவாகக் கரைபவை

ராக் பாஸ்பேட் (பாஸ்பரஸ் உள்ள பாறையின் தூள்) பையில் அச்சிட்டிருக்கும் பாஸ்பரஸ் அளவைப் பார்த்து மலைத்துவிடுகிறோம். அது மொத்த அளவு. பிஎச் 5.5-க்குக் கீழே இருக்கும் அமில மண்ணில்தான் அது ஓரளவு கரையும். நடுநிலை மண்ணிலும் கார மண்ணிலும் கல்லாகவே கிடக்கும். நான்கு மாதத்தில் பிடுங்கிப்போடும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் அதை நம்பி இருக்க முடியாது. மக்க வைக்கும் குவியலில் சேர்த்தால் அங்கே உருவாகும் அமிலங்கள் கொஞ்சம் கரைத்துக் கொடுக்கும். பாறைத் தூளும் அப்படித்தான்: பல ஆண்டுகள் வாழும் மரத்தடிக்கு நல்லது, கீரைத் தொட்டிக்கு அதனால் உடனடிப் பயன் இல்லை.

ஜியோலைட் என்ற தாதுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையிலேயே அருமையான பொருள். அதன் நுண்துளைகள் அம்மோனியத்தையும் பொட்டாசியத்தையும் பிடித்துவைத்து, வேர் கேட்கும்போது கொடுக்கும். உரம் தண்ணீரோடு ஓடி வீணாவது குறையும். ஆனால் அது வெறும் களஞ்சியம், உள்ளே தானியம் நாம்தான் நிரப்ப வேண்டும். சத்தே இல்லாத கலவையில் வெறும் ஜியோலைட்டைப் போட்டால் இருக்கிற அம்மோனியத்தை முதலில் அதுவே எடுத்துக்கொள்ளும். மண்புழு உரக் கரைசலில் சில நாள் ஊறவைத்துப் பிறகு கலவுங்கள். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தேவைப்படாது. கரித்தூளுக்கும் இதே முறைதான்.

பழைய கலவை

அறுவடை முடிந்ததும் தொட்டியைக் கவிழ்த்து, மறுபடி டோலமைட் ஒரு பிடி, ராக் பாஸ்பேட் ஒரு பிடி என்று முதல் தடவை போட்டதையே திரும்பப் போடுகிறோம். போன தடவை போட்டது எங்கும் போகவில்லை. பெர்லைட் அப்படியேதான் இருக்கிறது, ராக் பாஸ்பேட்டில் பெரும்பகுதி கரையாமல் கிடக்கிறது, சுண்ணாம்பு வேலை செய்துகொண்டிருக்கிறது. குறைந்திருப்பது மக்கும் பொருள்தான். தொட்டியில் மண் நான்கு விரற்கடை கீழே இறங்கியிருப்பது அதனால்தான். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால், தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு நீரை மெல்ல ஊற்றி உப்பை வடியவிடுங்கள். இரண்டு நாள் ஆறவிட்டு, பழைய வேர்களைச் சலித்து எடுத்து, இறங்கிய அளவுக்கு மக்கிய உரத்தை மட்டும் சேர்த்து நடுங்கள். தாதுத் தூள் எதையாவது சோதிக்க ஆசை என்றால் ஒரு தொட்டியில் போட்டு, பக்கத்துத் தொட்டியை அப்படியே விட்டுவைத்து, புது இலை நான்கு வரும்வரை இரண்டையும் பாருங்கள்.