பிள்ளைகளுக்குத் தச்சு வேலை பழக்கும் விடுமுறை முகாம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓகஸ்ட் விடுமுறை விட்டதும் யாழ்ப்பாணத்துச் சனசமூக நிலையங்களிலும் வாசிகசாலை மண்டபங்களிலும் பிள்ளைகளுக்கு ஏதாவது பழக்கலாம் என்று பேச்சு எழும். எட்டு வயது தொடக்கம் பதின்மூன்று வயது வரையான பிள்ளைகளுக்குத் தச்சு வேலை மிக நல்ல தெரிவு. ஆனால் வாள் வழுக்கிக் கை வெட்டுப்பட்டாலும், பலகை பிளந்து பிள்ளை அழுதாலும், பழியைப் பிள்ளையின் கவனக்குறைவில் போட்டுவிடுகிறோம். அந்தத் தவறு அனேகமாக முதல்நாளே நடந்து முடிந்திருக்கும்: மரம் எடுத்தபோது, மேசை போட்டபோது, உளியைத் தீட்டாமல் விட்டபோது.

கிடைத்த மரத்தைக் கொடுப்பது

ஓடாவியாரின் (தச்சரின்) பட்டறையில் கழிவுத் துண்டுகள் சும்மா கிடைக்கும் என்று ஒரு சாக்கு நிறைய அள்ளி வருவதுதான் முதல் பிழை. அந்தச் சாக்கில் இருப்பது பெரும்பாலும் முதிரையும் பாலையும் வேம்பும் பனையுமாக இருக்கும். நான்கும் அருமையான மரங்கள், ஆனால் பழகுகிற கைக்கு உரியவை அல்ல. பாலையில் பிள்ளையின் வாள் ஓடாது. வேம்பின் நார் ஒரு பக்கமாகப் போகாமல் மாறி மாறிப் பின்னிக் கிடக்கும். சீவுளி வைத்தால் பிய்த்துக்கொண்டு வரும். பனையின் கறுப்பு நார் ஊசிபோல் கையில் ஏறும், அந்தச் சிலாம்பை எடுப்பதும் கடினம். முதிரையில் இன்னொரு சிக்கலும் உண்டு: அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியையும் தடிப்பையும் உண்டாக்கும். சோளகம் வீசும் மாதத்தில் திறந்த கொட்டிலில் இருபது கைகள் முதிரையைத் தேய்த்தால் தூள் எல்லோர் முகத்திலும்தான் படியும்.

மரக்காலையில் அல்பீசியா அல்லது பைன் பலகை கேளுங்கள். பெருவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும். தடிப்பு 18 மி.மீ., அகலம் 9 அல்லது 10 செ.மீ. போதும். எட்டடிப் பலகையில் 30 செ.மீ. துண்டு எட்டு வரும் என்று கணக்குப் போடாதீர்கள். வாள் தின்பதும் நுனியில் வெடித்த பகுதியும் போக ஏழுதான் தேறும். பிள்ளைக்கு ஒரு துண்டு என்றால் ஒன்றரைத் துண்டு என்ற கணக்கில் வாங்குங்கள், பிழைவிட்டுப் பழக மரம் வேண்டும்.

பொதி வந்த பலகைத் தட்டுகளைக் கழற்றிப் பாவிப்பதானால் முத்திரையைப் பாருங்கள். எச்.ரி. (HT) என்று இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. (MB) என்றால் மெதைல் புரோமைட் என்ற நச்சுப் புகை அடித்தது, வேண்டாம். பழைய வீடு இடித்த மரத்தில் பூச்சு இருந்தால் பிள்ளைகளைக் கொண்டு தேய்ப்பிக்கக் கூடாது. பழைய பெயின்ரில் ஈயம் இருக்கலாம். பூச்சில்லாத மரமானாலும் காந்தம் ஒன்றை ஓடவிட்டு ஆணி பார்த்த பின்பே வாள் வையுங்கள்.

வளவில் தறித்த தடியைச் சீவிப் பழகுவதும் நல்ல தொடக்கம். வேலிப் பூவரசங்கதியாலின் பச்சைக் கொப்பு கத்திக்கு இணங்கி வரும். அலரிப் பக்கம் மட்டும் போகவே வேண்டாம், அது முழுக்க நஞ்சு. பிள்ளைகள் சீவிய தடியை வாயில் வைப்பார்கள்.

உயரம் பொருந்தாத மேசை

பெரியவர் மேசை ஏறக்குறைய 75 செ.மீ. உயரம். 130 செ.மீ. உயரமான பிள்ளை அதில் அரியும்போது முழங்கை மேலே தூக்கிக்கொள்கிறது. தோளின் பலம் வாளுக்கு வராது, மணிக்கட்டு மட்டும் உழைக்கும், வாள் கோணும். பிள்ளை கையைத் தொங்கவிட்டு நிற்க, மணிக்கட்டு வரும் உயரம்தான் சரியான உயரம். இந்த உயரப் பிள்ளைக்கு 60 செ.மீ. அளவில் வரும். ஏறி நிற்கக் கட்டை வைப்பது தீர்வல்ல, பின்னுக்கு ஒரு அடி வைத்ததும் விழுவார்கள். பழைய மேசைக் காலை வெட்டுங்கள். நீளப் பலகை அரிய வாங்கு இன்னும் நல்லது, பலகையை வாங்கில் வைத்து முழங்காலால் அமத்திக்கொண்டு அரியலாம்.

மேசை ஆடக் கூடாது. மரமும் ஆடக் கூடாது. பிள்ளைக்கு ஒன்று வீதம் அணைபலகை செய்து வையுங்கள்: 25 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம், ஒரு முனையில் மேற்புறம் ஒரு சட்டம், மறுமுனையில் கீழ்ப்புறம் ஒரு சட்டம். கீழ்ச்சட்டம் மேசை விளிம்பில் கொளுவி நிற்கும், மேற்சட்டத்தில் மரத்தை அணைத்துப் பிடித்து அரியலாம். வாள் இறங்க மேற்சட்டத்தின் வலது பக்கம் இரண்டு செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். இடக்கைப் பிள்ளைக்கு இடது பக்கம் குறைத்து இரண்டு மூன்று தனியாகச் செய்யுங்கள்.

மழுங்கின கருவி பாதுகாப்பானது என்று எண்ணுவது

இதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு, மிக அதிகமாகக் கை வெட்டுவதும் இதுதான். கூரான உளி மெல்லத் தள்ளினாலே மரத்தில் இறங்கும். மழுங்கின உளிக்குப் பிள்ளை உடம்பின் பாரம் முழுவதையும் கொடுக்கிறது; உளி மரத்தைப் பிடிக்காமல் வழுக்குகிறது; அந்தப் பாரம் முழுவதும் முன்னால் மரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் மற்றக் கையில் போய் இறங்குகிறது.

ஆகவே இரண்டு வேலை. உளியை 25 பாகையில் சாணை பிடித்து, வாயை (வெட்டும் விளிம்பை) மட்டும் 30 பாகையில் எண்ணெய்க் கல்லில் தீட்டி, ஒவ்வொரு காலையும் பைன் துண்டின் குறுக்கு முகத்தில் சீவிப் பாருங்கள். சுருள் வந்தால் கூர், தூளாக உதிர்ந்தால் திரும்பக் கல்லுக்கு. இரண்டாவது, உளி வேலையில் மரத்தைக் கை பிடிக்கவே கூடாது. இரண்டு ஜி கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்கிவிட்டால் இரண்டு கையும் உளிக்கு வந்துவிடும், வாய்க்கு முன்னால் கை போக வழியே இல்லை. கிளாம்ப் இல்லாத மேசையில் உளி வேலை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டுவதற்குக் கொட்டாப்புளி, இரும்புச் சுத்தியல் பிடியை வெடிக்க வைக்கும். பத்து வயதுக்குக் கீழே உளி வேண்டாம், அவர்களுக்கு வாளும் ஆணியும் தாராளம்.

வாள் பன்னிரண்டு, பதினான்கு அங்குல நீளம், அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பல்லுக் கொண்டது எடுங்கள். பெரிய வாளின் நுனி பிள்ளையின் கையில் ஆடிக்கொண்டே இருக்கும். கோட்டில் வைத்துத் தன்பக்கம் மூன்று நான்கு தரம் மெல்ல இழுத்துத் தடம் போட்ட பிறகே முன்னுக்குத் தள்ள வேண்டும். வாள் சிக்கினால் பிள்ளை இன்னும் அழுத்தும், அழுத்த இன்னும் சிக்கும். “அமத்தாதேங்கோ, வாளின்ர பாரமே காணும்” என்று சொல்லி, வாளின் இரு பக்கமும் மெழுகுதிரி பூசிக் கொடுத்துப் பாருங்கள்.

ஆணி வளைவதும் பலகை பிளப்பதும்

அரைக் கிலோச் சுத்தியலைத் தூக்கிக் கொடுத்தால் பிள்ளை தலைக்குக் கிட்டப் பிடித்துக் கொத்தும். 200 அல்லது 250 கிராம் சுத்தியல் போதும், பிடியின் அடியில் பிடிக்கப் பழக்கலாம். ஆணியை விரலால் பிடிக்காமல் உடுப்புக் கவ்வியால் பிடிக்கச் சொல்லுங்கள். ஆணியின் நீளம் மேற்பலகைத் தடிப்பின் இரண்டரை மடங்கு: 18 மி.மீ. பலகைக்கு 45 மி.மீ.

பலகை பிளப்பது ஆணியின் கூர் நுனியால். கூர் நுனி நாரை வெட்டாமல் ஆப்புப்போல் இரு பக்கமும் விலத்துகிறது, விளிம்புக்குக் கிட்ட என்றால் நார் விட்டுக்கொடுத்துப் பிளவு ஓடுகிறது. ஆணியைத் தலைகீழாகக் கல்லில் வைத்து நுனியில் ஒரு தட்டுத் தட்டி மழுக்கினால், அது நாரை நசித்து வெட்டிக்கொண்டு இறங்கும், பிளவு குறையும். ஓடாவிமார் எண்ணாமலே செய்யும் வேலை, பிள்ளைகளுக்குக் காரணத்தோடு சொன்னால் மறக்க மாட்டார்கள். விளிம்பிலிருந்து 2 செ.மீ. தள்ளி அடியுங்கள், ஒரே நார்க்கோட்டில் இரண்டு ஆணி வேண்டாம். முனையில் அடிக்கத்தான் வேண்டுமென்றால் 3 மி.மீ. ஆணிக்கு 2 மி.மீ. துளை முதலில்.

அளவு

ஓடாவியார் அங்குலத்தில் பேசுவார், பள்ளிக்கூடம் சென்ரிமீற்றரில் பழக்கியிருக்கும். அளவு நாடாவில் இரண்டும் இருக்க, பிள்ளை 12 என்ற இலக்கத்தைப் பிழையான கரையில் வாசித்துவிடும். முகாம் முழுவதும் சென்ரிமீற்றர் மட்டும் என்று முடிவெடுத்து, அங்குலக் கரையை ரேப் ஒட்டி மறையுங்கள்.

என்ன செய்விப்பது

குருவிக் கூடு எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதில் ஆறு ஏழு துண்டு, சரிவுக் கூரை, பெரிய துளை. மூலைமட்டம் வைத்து நேராக அரியத் தெரியாத கைக்கு ஒன்றும் பொருந்தாது. கடைசியில் பெரியவர்கள் செய்து முடிக்க, பிள்ளை வர்ணம் பூசும். ஒரு துண்டில் தொடங்குங்கள்: படலைக்குப் பெயர்ப்பலகை. பிறகு பட்டத்துக்கு நூல் சுற்றும் கட்டை. தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றும்போது கையில் இருக்கும். அடுத்து இரண்டு துண்டில் திறப்பு மாட்டும் பலகை. மூன்று துண்டில் புத்தகத் தாங்கி கடைசி நாளுக்கு. கோணலாக வந்தாலும் அது பிள்ளை அரிந்ததாக இருக்கட்டும். பெற்றோர் பார்க்க வருகிறார்கள் என்று இரவோடிரவாகச் சீவி நேராக்கி வைப்பது பிள்ளைக்குத் தெரியும், அடுத்த நாள் வாளைத் தொட மனம் வராது.

உடுப்பும் நேரமும் ஆட்களும்

செருப்போடு வரும் பிள்ளையைச் சப்பாத்துப் போட்டு வரச் சொல்லுங்கள், உளி விழுவது கூர்ப்பக்கமாகத்தான். திருவிழாக் காலத்தில் மணிக்கட்டில் தொங்கும் நூல், கழுத்துச் சங்கிலி, விரித்த தலைமயிர் எல்லாம் துளைக்கும் இயந்திரத்தில் சுற்றும். கையுறையும் அப்படியே, சுழலும் எதற்கும் அருகே கையுறை வேண்டாம். பாதுகாப்புக் கண்ணாடி எல்லோருக்கும்.

காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி உளி வேலையை முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியுங்கள். பதினொன்றரைக்கு வெயிலும் பசியும் ஏறிவிடும், அப்போது அரத்தாள் வேலை: முதலில் 80ஆம் இலக்கத் தாள், பிறகு 120, பிறகு 180, எப்போதும் நார் ஓடும் பக்கமாக. பன்னிரண்டு பிள்ளைக்கு மூன்று பெரியவர் வேண்டும். நல்லூர்த் திருவிழா 25 நாள். தேர், தீர்த்த நாட்களை விட்டு முகாமைப் போடாவிட்டால் பாதிப் பிள்ளைகள் பாதி வேலையில் நிற்பார்கள்.

பூச்சு

வார்னிசும் தின்னரும் வேண்டாம். தேன்மெழுகு ஒரு பங்கு, தேங்காயெண்ணெய் மூன்று பங்கு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி ஆறவிட்டுத் துணியால் தேய்த்தால் போதும். லின்சீட் எண்ணெய் பாவித்தே ஆகவேண்டும் என்றால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும், சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேறாமல் தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீர் ஊற்றிய, மூடியுள்ள தகரப் பேணியில் போட்டுவையுங்கள், அல்லது வெளியில் ஒற்றையாக விரித்துக் காயவிட்ட பிறகு எறியுங்கள்.