கால் எட்டாத கடல்சுவரில் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரில் முக்குளிக்கக் கற்றவர்கள் பலர் முதலில் இறங்குவது அதன் தெற்கே உள்ள புலாவ் ஹந்து தீவில்தான். இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத கலங்கல் நீர். கொஞ்சம் இறங்கினால் சேற்றுத் தரை வந்துவிடும். அந்தத் தரை நம்மைத் தடுத்துக் காக்கிறது என்பதே நமக்குத் தோன்றுவதில்லை. அதே பழக்கத்தோடு மலேசியாவின் சாபா மாநிலத்திலுள்ள சிப்பாடான் தீவுக்குப் போகிறோம். அங்கே கரையை ஒட்டியே சுமார் 600 மீட்டர் ஆழத்துக்குப் பவளப்பாறை செங்குத்தாக, சுவர்போல இறங்குகிறது.

பெரிய தவறு, ஆழத்தைக் கண்ணால் அளப்பது. நீர் தெளிவாக இருப்பதால் 30 மீட்டரிலும் நல்ல வெளிச்சம் இருக்கும். நானும் ஓர் ஆமையைத் தொடர்ந்து போய், 18 மீட்டரில் நிற்க வேண்டியவன் 26 மீட்டர் வரை இறங்கிவிட்டேன். இறங்குவதாகவே தெரியவில்லை. ஆழம் கூடக்கூட நாம் அணிந்திருக்கும் ரப்பர் உடை நசுங்கி மிதப்பு குறைகிறது. இறக்கம் தானே வேகமெடுக்கிறது. 30 மீட்டரில் அழுத்தம் நீர்மட்டத்தில் இருப்பதைப் போல நான்கு மடங்கு, சிலிண்டர் காற்றும் அதே கணக்கில் தீரும். அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜனால் போதைபோல வரும் நைட்ரஜன் மயக்கமும் ஏறத்தாழ அந்த ஆழத்தில்தான் தலைகாட்டும். மணிக்கட்டில் கட்டிய, ஆழத்தைக் காட்டும் டைவ் கம்ப்யூட்டரை அடிக்கடி பாருங்கள், அழகான எதையாவது கண்டால் இன்னும் அடிக்கடி.

சுவரோரம் சில நேரம் நீரோட்டம் கீழ்நோக்கி இழுக்கும். மூச்சுக்குமிழிகள் மேலே போகாமல் கீழே போனால் அதுதான் அடையாளம். அதை எதிர்த்து நேராக மேலே உதைத்துக் களைத்துப் போகாதீர்கள். சுவரை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீந்துங்கள்.

பயத்தில் கைக்கு எட்டியதைப் பற்றிக்கொள்வதும் உண்டு. சுவரில் விசிறிபோல விரிந்திருக்கும் கடல் விசிறி என்ற பவள வகை பல ஆண்டுகள் வளர்ந்த உயிர். ஒரு உதையில் முறிந்துவிடும். பவளம் என்று நினைத்துத் தொடுவது நச்சு முள்ளுள்ள கல்மீனாகவும் இருக்கலாம். டார்ச் இல்லாமல் இறங்குவதும் வீண். சிவப்பு நிறம் சில மீட்டரிலேயே மங்கிவிடுவதால், செக்கச்சிவந்த விசிறியும் பழுப்பாகத்தான் தெரியும்.

வார இறுதிப் பயணத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு இன்னொன்று: ஞாயிறு காலை முக்குளித்துவிட்டு மாலை விமானம் ஏறுவது. உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் பறந்தால் ஆபத்து என்பதால், பல முறை இறங்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். திங்கட்கிழமைக்கும் விடுப்பு எடுத்துவிட்டே டிக்கெட் வாங்குங்கள்.