மாரிகால ஜனவரியில் மாற்கு நற்செய்தி: புத்தாண்டை நிதானமாகத் தொடங்க ஒரு செய்முறை

டிசம்பர் 31ஆம் திகதி இரவு ஆராதனையில் மண்டியிட்டு எடுத்த தீர்மானங்கள் தைப்பொங்கலுக்கு முன்பே கைநழுவிப் போவதை நம்மில் பலர் ஆண்டுதோறும் கண்டிருக்கிறோம். விசுவாசக் குறைவுதான் இதற்குக் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஏற்கெனவே நிரம்பி வழிகிற நாளின்மேல் உபவாசம், அதிகாலை ஜெபம், ஓராண்டில் முழு வேதாகமம் என்று மேலும் மேலும் ஏற்றிவிடுகிறோம். ஆகவே இந்தச் செய்முறை, எதையும் சேர்ப்பதற்கு முன் ஒன்றை எடுத்துவிடும்படி கேட்கிறது.

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு ஜனவரி இதற்கு மிகவும் ஏற்ற மாதம். வாடைக்காற்றும் மழையும் ஓயாத இந்நாட்களில் வெளிக்கடல் கொந்தளித்துக் கிடக்க, உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் வள்ளங்கள் மேட்டுக்கு இழுத்து வைக்கப்பட்டிருக்கும். கடல் தணியும் வரை வலையைப் பழுதுபார்த்துக்கொண்டு காத்திருப்பதைக் கடற்றொழிலாளர் எவரும் சோம்பல் என்று எண்ணுவதில்லை.

முதற் படி: அரை மணி நேரத்தை விடுவியுங்கள். பெரும்பாலானோருக்கு அது கைபேசியிடமிருந்தே மீட்கப்பட வேண்டியிருக்கும். இரவில் அதைப் படுக்கையறைக்கு வெளியே, கூடத்திலோ குசினியிலோ மின்னேற்றத்துக்கு வைத்துவிடுங்கள். விழித்தெழுவதற்கு ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் போதும். புத்தாண்டு வாழ்த்துச் செய்திகள் காலை எட்டு மணி வரை காத்திருந்தால் எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டாம் படி: அச்சிட்ட வேதாகமம், ஒரு கொப்பி, ஒரு பேனா. இவற்றை முதல்நாள் இரவே மேசையில் எடுத்து வையுங்கள். வேறெதுவும் தேவையில்லை.

மூன்றாம் படி: நாளொன்றுக்கு அரை அதிகாரம். மாற்கு நற்செய்தியில் 16 அதிகாரங்கள் உள்ளன. முதல் 15 அதிகாரங்களையும் பாதி பாதியாக வாசித்தால் 30 நாட்கள். சிறியதாகிய 16ஆம் அதிகாரத்தை 31ஆம் திகதி முழுவதுமாக வாசிக்கலாம். கத்தோலிக்கரானாலும் மெதடிஸ்தரானாலும் அவரவர் கையிலுள்ள மொழிபெயர்ப்பே போதுமானது. இரண்டாம் திகதிப் பகுதியிலேயே, இருட்டோடு எழுந்து தனிமையான இடத்துக்குச் சென்று ஜெபிக்கிற இயேசுவைக் காண்பீர்கள். எல்லாரும் தம்மைத் தேடுகிறார்கள் என்று சீடர் வந்து சொன்னபோதும், அவர் அந்தக் கூட்டத்திடம் திரும்பாமல் அடுத்த ஊர்களுக்குப் புறப்படுகிறார். வேலை மிகுந்தவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

வாசிக்கும் முறைக்கு, 12ஆம் நூற்றாண்டில் கர்த்தூசியத் துறவி இரண்டாம் குயிகோ வகுத்துச் சொன்ன நான்கு நிலைகளைப் பின்பற்றலாம்: வாசித்தல், தியானித்தல், ஜெபித்தல், இறைவன் முன் அமர்ந்திருத்தல். எட்டாம் திகதிக்குரிய புயல் நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதை மெதுவாக, வாய்விட்டு இருமுறை வாசியுங்கள். பின்னர் மனதைத் தொட்ட ஒரு சொல்லில் நில்லுங்கள். இந்நிகழ்ச்சி மத்தேயுவிலும் லூக்காவிலும் உண்டு. ஆனால் படகின் பின்புறத்தில் இயேசு தலையணை வைத்து நித்திரை செய்தார் என்ற விவரம் மாற்கில் மட்டுமே இருக்கிறது. அலை படகுக்குள் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒருவர் தலையணையில் தலைசாய்த்து உறங்குவதை, மாரிக்காலக் கடலைப் பார்த்து வளர்ந்த நாம் எளிதில் மனக்கண்ணில் காணலாம். அந்த நித்திரையைப் பார்த்து உங்கள் உள்ளத்தில் எழுவது ஆறுதலானாலும் சீடருக்கு வந்த அதே கோபமானாலும், அதையே மறைக்காமல் ஜெபமாகச் சொல்லுங்கள். இறுதியில் சில நிமிடங்கள் பேசாமல் இருந்துவிட்டு, கொப்பியில் ஒரு வரி மட்டும் எழுதுங்கள். பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கினால் மூன்றாம் நாளே அது வீட்டுப்பாடமாகிவிடும்.

நான்காம் படி: இரவில் ஐந்து நிமிடங்கள். 16ஆம் நூற்றாண்டில் புனித இஞ்ஞாசியார் கற்பித்த ஆன்ம சோதனை இதற்கு உதவும். 1893இல் உருவான திருகோணமலை மறைமாவட்டம் நெடுங்காலம் அவருடைய இயேசு சபையினரின் பொறுப்பில் இருந்ததால், இது நம் ஊருக்கு அந்நியமான பழக்கமும் அல்ல. இன்று நன்றி சொல்ல வேண்டியது எது, இறைவனை விட்டு விலகி ஓடிய வேளை எது, நாளைக்கு வேண்டிய அருள் எது என்று மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு உறங்கச் செல்லுங்கள்.

ஐந்தாம் படி: ஞாயிற்றுக்கிழமையை மீட்டெடுங்கள். இதுவே மிகக் கடினமானது. பிள்ளைகளின் பிரத்தியேக வகுப்புகள் அந்த நாளையும் விட்டுவைப்பதில்லை. ஜனவரியில் மட்டுமாவது ஞாயிறு வகுப்பை வேறொரு நாளுக்கு மாற்ற முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள். மெதடிஸ்த திருச்சபையில், ஜோன் வெஸ்லி 1755இல் தொடங்கிவைத்த உடன்படிக்கை ஆராதனை ஆண்டின் தொடக்கத்தில் நடைபெறும். அதில் சொல்லப்போகும் வாக்குறுதியை அவசரத்தில் ஒப்புவிக்காமல், முன்கூட்டியே வீட்டில் வாசித்துவிட்டுச் செல்லுங்கள். கத்தோலிக்கருக்கு ஜனவரி 1 இறைவனின் தாயாகிய மரியாவின் பெருவிழா. 1968 முதல் அது உலக அமைதி நாளாகவும் நினைவுகூரப்படுகிறது.

ஞாயிறு ஓய்வு வீட்டிலுள்ள பெண்களுக்கும் ஓய்வாக இல்லாவிட்டால், அதை ஓய்வு என்று அழைக்க எனக்கு மனம் வராது. அன்றைக்குச் சோறும் பருப்பும் ஒரு மீன்குழம்பும் போதும். தேங்காய் திருவுவதையும் பாத்திரம் கழுவுவதையும் ஆண்கள் பொறுப்பேற்கட்டும். ஜனவரிப் போயா விடுமுறையின் காலைப்பொழுதையும் எந்தப் பயணமும் வைக்காமல் இப்படியே கழிக்கலாம்.

ஒரு நாள் தவறிப்போனால் மறுநாள் இரட்டிப்பாக வாசிக்க வேண்டாம். அந்தத் திகதிக்குரிய பகுதியை மட்டும் வாசியுங்கள். விடுபட்டது விடுபட்டதாகவே இருக்கட்டும். மாதம் முடிந்தபின் வேகத்தைக் கூட்டும் ஆசை வரக்கூடும் என்பதால், பெப்ரவரிக்கு ரூத்தின் புத்தகத்தைப் பரிந்துரைக்கிறேன். நான்கே அதிகாரங்கள், 85 வசனங்கள். நாளுக்கு மூன்று வசனங்கள் வீதம் வாசித்து, 28ஆம் திகதி மட்டும் நான்காக முடித்துக்கொள்ளலாம்.