முன்னால் போகிறவரைப் பார்க்காதீர்கள்: நாகர்கோவில் வீட்டில் உட்கார்ந்து ஃபார்முலா ஈ பார்ப்பது எப்படி

ஆடி மாதத்தில் நாகர்கோவிலிலிருந்து வள்ளியூருக்கு எலெக்ட்ரிக் காரில் போய்த் திரும்பியவர்களுக்கு, ஃபார்முலா ஈ என்கிற எலெக்ட்ரிக் கார் ரேஸில் பாதி ஏற்கெனவே தெரியும். போகும்போது ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும், பேட்டரி இறங்குவதே தெரியாது. திரும்பும்போது அதே காற்று எதிரே நின்று அறையும். அதே தூரம், அதே வேகம், ஆனால் முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டுவதற்குள் சதவீதம் கண்ணெதிரே கரையும். ஒரு நாள் இப்படித் திரும்பும்போது ஒரு பெரிய கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். முந்த இடம் கிடைக்கவில்லை, மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன், அப்புறம்தான் கவனித்தேன்: அந்தப் பதினைந்து நிமிடமும் பேட்டரி கிட்டத்தட்ட போகும்போது இருந்த மாதிரியே பைய இறங்கியிருக்கிறது. லாரி எனக்கும் சேர்த்துக் காற்றைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. (இதை வேண்டுமென்று செய்து பார்க்காதீர்கள். லாரிக்காரர் பிரேக் அடித்தால் பேட்டரிக் கணக்குப் பார்க்க நாம் இருக்க மாட்டோம்.)

ஃபார்முலா ஈ ஓட்டுநர்கள் ரேஸ் முழுக்கச் செய்வது இதைத்தான், மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில், இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர் நிற்கிற தெருவில். அதனால் ஃபார்முலா 1 பார்த்துப் பழகியவர்கள் முதல் நாள் குழம்பித்தான் போவார்கள். எங்கள் வீட்டில் அத்தான் முதல் தடவை பார்த்துவிட்டு, "என்னடே, முன்னால போறவன் வேணும்னே வழி விட்டுக் குடுக்கான்?" என்றார். ஆமாம், வேணும்னேதான் விடுகிறான். அது ஏன் என்று புரிந்துவிட்டால் இந்த ரேஸை விட மனசு வராது. புரியாவிட்டால் பத்தாவது நிமிடம் சேனல் மாறிவிடும்.

முதலில் நேரம்

சீசன் டிசம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் வரை ஓடும். ரேஸ் பெரும்பாலும் சனிக்கிழமை, சில ஊர்களில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தனித்தனி ரேஸ். தகுதிச் சுற்றும் ரேஸும் பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும், ஃபார்முலா 1 போல மூன்று நாள் இழுக்காது. எந்தச் சேனல், எந்த ஆப் என்பது சீசனுக்கு சீசன் மாறும், அதை அந்த வாரமே பார்த்துக்கொள்ளுங்கள்.

டோக்கியோ நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால், அதனால் அங்கே பிற்பகல் ரேஸ் என்றால் நமக்கு மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வந்துவிடும். மொனாக்கோ, பெர்லின், லண்டன் எல்லாம் சாயங்காலமோ முன்னிரவோ, குடும்பத்தோடு பார்க்க வசதி. சாவ் பாலோ எட்டரை மணி நேரம் பின்னால், ஆக ராத்திரி. மெக்சிகோ சிட்டி பதினொன்றரை மணி நேரம் பின்னால், இங்கேதான் நான் ஒரு தடவை ஏமாந்தேன். அட்டவணையில் சனிக்கிழமை என்று இருந்தது. நான் சனிக்கிழமை அதிகாலை அலாரம் வைத்து எழுந்து, கட்டன் காப்பி போட்டுக்கொண்டு, காலியான டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே சனி பிற்பகல் என்றால் நமக்கு ஞாயிறு பிறந்துவிட்டிருக்கும்.

ஜூன், ஜூலை ரேஸ்களுக்கு இன்னொரு ஏற்பாடும் வேண்டும். இடவப்பாதி மழை அடிக்கிற சாயங்காலத்தில் கரன்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மோடத்தையும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவைத்துவிடுங்கள். டிவி மட்டும் இன்வெர்ட்டரில் இருந்து பிரயோஜனமில்லை, அனுபவத்தில் சொல்கிறேன்.

தெருவைப் பாருங்கள்

காலைப் பயிற்சிச் சுற்றை முழுசாகப் பார்க்க வேண்டியதில்லை, கடைசிப் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் கார்களைவிடத் தரையைப் பாருங்கள். நாகர்கோவிலில் வேப்பமூட்டிலிருந்து மணிமேடை, செட்டிகுளம் என்று ஒரு சுற்றை இரண்டு பக்கமும் கான்கிரீட் கட்டை வைத்து அடைத்து, சாக்கடை மூடிகளைக் கழன்றுவிடாமல் இறுக்கி, வேகத்தடைகளைப் பெயர்த்து எடுத்து, அதில் ரேஸ் கார் விட்டால் எப்படி இருக்கும்? பஸ்ஸும் ஆட்டோவும் ஓடிய எண்ணெய்ப் பிசுக்கு, மணல், வழுக்குகிற வெள்ளைக் கோடு எல்லாம் அப்படியே இருக்கும். காலையில் டயர் பிடிக்காது. கார்கள் ஓட ஓட ரப்பர் படிந்து, மதியத்துக்குள் ஒரே ஒரு தடம் மட்டும் சுத்தமாகும். அந்தத் தடத்தை விட்டு ஒரு அடி விலகினால் தூசி, அதற்கு அந்தப் பக்கம் சுவர். முந்துவது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது இப்போது தெரிந்திருக்கும்.

ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு குணம் உண்டு. டோக்கியோவில் ஒரு மேட்டில் கார் தரையை விட்டு எழும்பும். லண்டனில் பாதையின் ஒரு பகுதி ஒரு கண்காட்சி அரங்கத்துக்குள்ளேயே போகிறது, வெளியே மழை பெய்தால் அரங்கத்துக்குள் காய்ந்த தரை, கதவைத் தாண்டினால் ஈரம். சாவ் பாலோவில் சம்பா ஊர்வலம் போகிற கான்கிரீட் தெருவில் ஓட்டுகிறார்கள். நம் நாட்டில் இது ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறது, 2023 பிப்ரவரி 11, ஹைதராபாத்தில், ஹுசைன் சாகர் ஏரிக்கரையில். 2024-லும் நடக்க வேண்டியது, ரத்தாகிவிட்டது. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவு ரேஸை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது பெட்ரோல் கார்.

காரைப் பற்றி ரொம்பச் சொல்லப் போவதில்லை. 2024-25 சீசனில் வந்த ஜென்3 ஈவோ கார் (மூன்றாம் தலைமுறைக் காரின் மேம்பட்ட வடிவம்) நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை இரண்டு வினாடிக்குள் எட்டிவிடும். அதற்கு அடுத்த ஜென்4 இன்னும் பலம் கூடியது. ஈவோ காரில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே எண் 38.5 கிலோவாட் மணி (kWh). மின்வாரியக் கணக்கில் சொன்னால் 38.5 யூனிட். இரண்டு மாதத்துக்கு நமக்கு இலவசமாகக் கிடைக்கிற மின்சாரத்தில் பாதிகூட இல்லை, அதை வைத்து ஒரு ரேஸை முடிக்க வேண்டும். அது போதாது, போதாததை பிரேக்கிலிருந்து எடுக்கிறார்கள். பின் சக்கரத்தில் வழக்கமான ஹைட்ராலிக் பிரேக்கே இல்லாமல்தான் ஜென்3 காரை வடிவமைத்தார்கள், மோட்டார்தான் பிரேக், வேகத்தைக் குறைக்கும்போதெல்லாம் அது ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கும். வீட்டில் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரோ காரோ இருந்தால் கீரிப்பாறைப் பக்கத்து இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு டிஸ்பிளேயைப் பாருங்கள், அதுதான் இது.

தகுதிச் சுற்று

ரேஸைவிட இது பிடித்துப்போகிறவர்களும் உண்டு. ஓட்டுநர்களை இரண்டு குழுவாகப் பிரிப்பார்கள், ஒவ்வொரு குழுவிலும் முதல் நான்கு பேர் தேர்வாவார்கள், பிறகு எட்டுப் பேருக்கும் கால் இறுதி, அரை இறுதி, இறுதி என்று ஒருவருக்கு ஒருவர் மோதல். திருவிழாவுக்கு நடக்கிற நாக்-அவுட் கபடி கணக்குதான். இங்கே மட்டும் மிச்சம் பிடிக்கிற பேச்சே இல்லை, 350 கிலோவாட், முழு பலம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதை முதலில் காட்டுங்கள். ஜெயிக்கிறவருக்கு ரேஸ் தொடங்கும் வரிசையில் முதல் இடத்தோடு 3 புள்ளியும் சேர்ந்து கிடைக்கும்.

ரேஸ்: ஒரு நோட்டும் பேனாவும்

தகுதிச் சுற்று முடிந்து ரேஸ் தொடங்க இரண்டு, மூன்று மணி நேரம் இருக்கும். மரச்சீனியை அவித்து மீன் குழம்பை இறக்கிவைக்கத் தாராளமான நேரம். ஏத்தங்காய் சிப்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். சிரிக்காதீர்கள், இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

திரையில் ஓட்டுநர் பெயருக்குப் பக்கத்தில் அவ்வப்போது மீதி பேட்டரி சதவீதம் காட்டுவார்கள். ஒரு பேச்சுக்கு 30 சுற்று ரேஸ் என்று வையுங்கள். 10 சுற்று முடிந்தால் சராசரிக் கணக்குப்படி ஏறக்குறைய 67 சதவீதம் மிச்சம் இருக்க வேண்டும், 15-ல் 50, 20-ல் 33. இதை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொண்டு, முதல் ஆறு பேரின் சதவீதத்தை ஐந்து சுற்றுக்கு ஒரு தடவை பக்கத்தில் குறியுங்கள். முதல் ஆள் 64, ஐந்தாவது ஆள் 68 என்றால் நீங்கள் பார்க்க வேண்டியவர் ஐந்தாவது ஆள். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்து மற்றவர்களுக்குச் செலவு செய்துகொண்டிருக்கிறார், கல்யாண வீட்டில் முதல் பந்திக்கே பாயசத்தைக் காலி பண்ணிவிட்ட கதை. கடைசி ஏழெட்டுச் சுற்றில் அவர் நேர்ச்சாலை முடியுமுன்பே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பார், பின்னால் இருப்பவர் எடுக்க மாட்டார். அந்த வித்தியாசம் ஒரு வளைவில் இரண்டு கார் நீளம்.

ஆனால் மிச்சம் பிடித்தவர்தான் எப்போதும் ஜெயிப்பார் என்றும் இல்லை. ஹைதராபாத்தில் ஜான்-எரிக் வெர்ன் முன்னால், நிக் காசிடி பின்னால். காசிடியிடம் கையிருப்பு கூட இருந்தது. வெர்ன் எங்கே தடுக்க வேண்டுமோ அங்கே மட்டும் செலவழித்து, மற்ற இடத்தில் பைய உருட்டி, கடைசிவரை கதவைத் திறக்கவே இல்லை. அரை வினாடிகூட இல்லாத இடைவெளியில் ஜெயித்தார். தெருவில் இது நடக்கும், முந்த இடம் வேண்டுமே. அதே ரேஸில் ஹேர்பின் வளைவில் ஒரே அணியைச் சேர்ந்த இரண்டு ஜாகுவார் கார்களும் மோதிக்கொண்டு ஒதுங்கின.

அட்டாக் மோட் என்று ஒன்று வரும், அதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு வளைவின் வெளிப்பக்கத்தில், யாரும் போகாத தூசித் தடத்தில், தரையில் குறித்த கோடுகள் மேல் காரை ஓட்டினால் 50 கிலோவாட் கூடுதல் பலம் கிடைக்கும், ஈவோ காரில் நான்கு சக்கரமும் இழுக்கும். வழக்கமாக இரண்டு தடவை, மொத்தம் 8 நிமிடம். வெளியே போய் வருவதற்குள் ஒன்றிரண்டு இடம் போய்விடும், கோட்டைத் தவறவிட்டால் இடமும் போய் பலமும் கிடைக்காது. உங்கள் நோட்டில் யார் எப்போது எடுத்தார் என்று ஒரு புள்ளி வையுங்கள். ரேஸ் முடியப்போகிற நேரத்தில் இன்னும் எடுக்காமல் வைத்திருப்பவர் யாரோ அவர்மேல் பந்தயம் கட்டலாம் (சிப்ஸ் பந்தயம்). சில ரேஸ்களில் பிட் பூஸ்ட்டும் உண்டு, 2025 ஜெட்டாவில் ஆரம்பித்தது: 30 வினாடி நிறுத்தி, 600 கிலோவாட்டில் 10 சதவீதம் ஏற்றிக்கொண்டு ஓடுவார்கள். முதல் நான்கு சீசன்களில் பேட்டரி பாதியிலேயே தீர்ந்து காரையே மாற்றினார்கள், 2014-ல் பெய்ஜிங்கில் நடந்த முதல் ரேஸில் நம்ம சென்னை கருண் சந்தோக்கும் மஹிந்திரா அணிக்காக ஓட்டியபோது அப்படித்தான்.

சேஃப்டி கார் (விபத்து நடந்தால் எல்லோரையும் மெதுவாக வரிசையில் கூட்டிப்போகிற கார்) வந்தால் காப்பி போடப் போகாதீர்கள். எல்லோருடைய கணக்கும் அங்கேதான் குலையும். 2021 ஏப்ரல், வலென்சியாவில், கடைசி நேரத்தில் சேஃப்டி கார் வந்து, விதிப்படி எல்லோருக்கும் அனுமதிக்கப்பட்ட மின்சாரத்தின் அளவைக் குறைத்தார்கள். அப்போது ரேஸ் சுற்றுக் கணக்கில் இல்லை, 45 நிமிடமும் அதற்குமேல் ஒரு சுற்றும். முன்னால் இருந்த அன்டோனியோ ஃபெலிக்ஸ் டா கோஸ்டா நேரம் முடிய ஒருசில வினாடிகளுக்கு முன்பே கோட்டைத் தாண்டிவிட, யாரும் எதிர்பார்க்காத இன்னொரு சுற்று சேர்ந்துகொண்டது. கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடுவழியில் நிற்க, நிதானமாகக் கணக்குப் போட்ட நிக் டி வ்ரீஸ் ஜெயித்தார். அந்த ஆண்டு சாம்பியனும் அவர்தான்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். எங்கள் பாட்டா ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "மக்கா, டிவியில சவுண்டு வரல்லியே" என்றார். சுவரில் பட்டுத் திரும்பும் விசில் மாதிரி ஒரு சத்தம், டயர் கிரீச்சிடுவது, அவ்வளவுதான் வரும். எனக்கு அது பிடிக்கும், ஓட்டுநர் எங்கே காலை எடுக்கிறார் என்பது காதிலேயே தெரியும். உறுமல்தான் வேண்டும் என்றால் இது உங்களுக்கானது இல்லை, வற்புறுத்தமாட்டேன்.

கொடி விழுந்த உடனே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் முடிவைப் போடாதீர்கள். அனுமதித்ததைவிட ஒரு துளி பலம் கூட எடுத்திருந்தாலும் தண்டனை வரும். ஹைதராபாத்தில் மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டியவர் செபாஸ்டியன் பியூமி. பலக் கணக்கில் தவறு என்று 17 வினாடி சேர்த்ததில் பின்னால் போய்விட்டார், மூன்றாம் இடம் டா கோஸ்டாவுக்கு. மிச்சமிருக்கும் மீன் குழம்பைச் சூடாக்கிச் சாப்பிட்டு முடித்துவிட்டு, அப்புறமாக அனுப்புங்கள்.