மிஞ்சிய மசித்த கிழங்கில் சீஸ் ரொட்டி

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வந்து போனால் மசித்த உருளைக்கிழங்கு ஒரு கிண்ணமாவது மிஞ்சும். அதைச் சூடாக்கிச் சாப்பிட எங்கள் வீட்டில் ஆளில்லை. தட்டிச் சுட்டுச் சீஸும் சேர்த்தால் அடிபிடி. பேர் என்னவோ, நாங்கள் கிழங்கு ரொட்டி என்கிறோம்.

மசியல் 2 கப், துருவிய சீஸ் முக்கால் கப், கோதுமை மா 3 மேசைக்கரண்டி, ஒரு முட்டையின் மஞ்சள்கரு, பொடியாக வெட்டிய வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மிளகுத்தூள். சீஸில் உப்பு உண்டு, அதனால் ருசி பார்த்தே உப்புப் போடுங்கள்.

எல்லாவற்றையும் பிசைந்து உள்ளங்கை அளவில், அரை அங்குலத் தடிப்பில் தட்டுங்கள்.

நான் சறுக்கியது இங்கேதான். முதல் தடவை முழு முட்டையையும் உடைத்து ஊற்றி உடனே சுட்டேன். திருப்பப் போனால் கல்லில் கூழ்! மசியலில் ஏற்கெனவே பாலும் பட்டரும் இருக்கிறது, வெள்ளைக்கரு அதை இன்னும் இளக்கிவிடும். இப்போது மசியலைப் பிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடே பிசைகிறேன். ஆறிய கிழங்கின் மாச்சத்து இறுகியிருக்கும். தட்டிய பிறகும் அரை மணித்தியாலம் உள்ளே வைக்கிறேன்.

இன்னொன்று, கட்டி. நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது, இங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கிழங்கு அவியச் சுணங்கும். அரை வேக்காட்டுக் கட்டி இருந்தால் ரொட்டி அந்த இடத்தில் வெடிக்கும், சீஸ் ஒழுகிக் கருகும். முள்ளுக்கரண்டியால் தேடி நசுக்குங்கள். பிளெண்டர் வேண்டாம், பசையாகிவிடும்.

சீஸ் கட்டியாக வாங்கித் துருவுங்கள். முக்கோணத் துண்டுகள் பாணுக்குப் பூசத்தான் சரி.

கல்லும் முக்கியம். அம்மாவின் பழைய இரும்புத் தோசைக்கல்லை நான் எந்த நொன்ஸ்டிக்குக்கும் மாற்ற மாட்டேன். எண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட்டு, நடுத்தர நெருப்பில் பக்கத்துக்கு நாலு நிமிடம். கரண்டியால் மெல்லத் தள்ளிப் பாருங்கள், தானாக நகர்ந்தால் திருப்பலாம். ஒட்டினால் இன்னும் ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

பிறகு சேர்த்தது: சொன்னபடி செய்தும் உடைகிறது என்று ஹட்டனிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார். விசாரித்தால் மசியலில் ஒரு கோப்பைப் பால்! அப்படியானால் மசியலை வெறும் தாச்சியில் ஐந்து நிமிடம் கிளறி ஈரத்தை வற்றவிட்டு, நன்றாக ஆறவைத்துப் பிசையுங்கள். முட்டை சாப்பிடாதவர்கள் மஞ்சள்கருவுக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி சோளமா போடலாம். எனக்கு அதுதான் இன்னும் மொறுமொறுப்பாக வந்தது.

தொட்டுக்கொள்ளக் கட்டைச்சம்பல். தக்காளி சோஸ் பிள்ளைகளுக்கு.